புள்ளி விழாத தெரு

செவ்வாய்க்கிழமை மாலை

மலிவு விலைப் பயணிகளின் வழிகாட்டியும், வாரம் தவறாத பத்தி எழுத்தாளரும், போகிற போக்கில் என்னைப் பெற்றவருமான அப்பா அவர்களுக்கு, சம்பளமில்லாத நிருபர் வாலு பணிவுடன் (நம்புங்கள்) எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான் நலம். அவ்விடம் நீங்கள் நலமா என்று முறைப்படி கேட்க வேண்டும். ஆனால் அவ்விடமும் இவ்விடமும் ஒரே ஊராக இருப்பதால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஒன்பது மணி நேரம் பறந்து வந்து, அப்பா இருக்கிற ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு, அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிற பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீங்கள்தானே சொன்னீர்கள், போன் பண்ணாதே வாலு, வேலையில் இருப்பேன், பார்த்ததை எல்லாம் எழுதி வரவேற்பறையில் கொடுத்துவிடு, வந்து எடுத்துக்கொள்கிறேன், பதினாறு வயதுப் பெண்ணின் பார்வையில் ஒரு வாரம் போட்டுவிடலாம் என்று. சரி. உங்கள் பத்தியைப் பத்தி எனக்குத் தெரியாதா? தலைப்பு மூன்று: தங்க, தின்ன, திரிய. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். அப்படியே எழுதுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்க. பேர்தான் தங்க, தகரம்கூட இல்லை. நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. படுத்தபடியே கால் கட்டைவிரலால் விளக்கை அணைக்கலாம், கையை நீட்டினால் கதவைத் திறக்கலாம். எழுந்திருக்காமலே குடும்பம் நடத்தலாம், குடும்பம்தான் இல்லை. வெந்நீர் வரும் என்று நீங்கள் கொடுத்த இடங்களின் பட்டியலில் எழுதியிருந்தது. வந்தது. இரண்டு நிமிடம் இருந்தது. அப்புறம் சொல்லாமல் போய்விட்டது. யாரோ ஒருவர் ஞாபகம் வந்தது, யாரென்று சொல்ல மாட்டேன். விமான நிலையத்திலிருந்து என்னைக் கூட்டிவந்து இந்த அறையில் பெட்டியை வைத்த அன்று நீங்கள் மொத்தம் நாற்பது நிமிடம் இருந்தீர்கள். அதில் பன்னிரண்டு நிமிடம் சன்னல் கொக்கியைச் சரிபண்ணினீர்கள். கொக்கி இப்போது நன்றாக இருக்கிறது. பத்துக்கு ஆறு, அதில் இரண்டு கொக்கிக்கு.

தின்ன. கீழே பொதுச் சமையலறை இருக்கிறது. ஒரே குளிர்பெட்டியில் எட்டு நாட்டுப் பால் இருக்கிறது. என் பாலை யாரோ குடித்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது நாள் பால் டப்பாவின் மேல், இதைத் தவறுதலாகக் குடித்துவிட்டீர்களா, பதற வேண்டாம், மருத்துவர் வழியில் இருக்கிறார் என்று எழுதி ஒட்டினேன். அதற்கப்புறம் என் பால் மட்டும் அல்ல, பக்கத்தில் இருந்த வெண்ணெயும் தீண்டப்படாமல் இருக்கிறது. வெளியே சாப்பிட, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நீங்கள் சொன்ன சூப்புக் கடைதான். ஒரு கிண்ணம் சூப்புக்கு ரொட்டி எவ்வளவு வேண்டுமானாலும் என்று பலகையில் போட்டிருக்கிறது. நான் ஆறாவது ரொட்டி கேட்டதும் கடைக்காரர் பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். சுவைக்கு எட்டு கொடுக்கலாம். எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆள் இருந்திருந்தால் ஒன்பது.

திரிய. இலவச அருங்காட்சியகத்தில் காலியாக இருந்த ஒரு மேடையில் ஏறி, கன்னத்தில் கைவைத்து அசையாமல் உட்கார்ந்தேன். ஒரு வயதான தம்பதி வந்து என்னைச் சுற்றிப் பார்த்து, தலைப்பு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினார்கள். எனக்கே தெரிந்தால் சொல்லியிருப்பேன். அதற்குள் காவலாளி வந்துவிட்டார். நூலகம், படகுத்துறை, பழைய பொருள் சந்தை எல்லாம் பார்த்தாகிவிட்டது. நீங்கள் சொன்னது எதுவும் சோடை போகவில்லை. ஏழரை போடுகிறேன், என் நிலைமைக்குப் பொருத்தமாக.

இதுவரை பத்திக்கு. இனிமேல் வருவது பத்திக்கு இல்லை, தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

அம்மா என்னை ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பவில்லை. உங்கள் அறையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அம்மா வேலை பார்க்கிற இரத்தப் பரிசோதனை நிலையத்தில் புதுக் கிளை திறக்கிறார்கள். அதற்கு அம்மாவைத் தலைமைப் பொறுப்பில் போடுவதாக நிலையத்தை நடத்துகிற டாக்டர் சொல்கிறார். இது நாலாவது தடவை. முந்தைய மூன்று தடவையும் அம்மா வேண்டாம் என்று சொன்னது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் நீங்கள் பெரிய வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த வருடம் இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்பீர்கள். பொறுப்பை ஒத்துக்கொண்டு பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பினால் நன்றாகவா இருக்கும் என்று அம்மாவும் மற்றவர்களின் கையை ஊசியால் குத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். இந்தத் தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லை என்றால் இனிமேல் கேட்கவே மாட்டாராம்.

அதனால் அம்மாவின் கணக்கு இது. நாலு ஆண்களாக ஒரே அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம் என்கிறீர்களே, அது உண்மையாக இருந்தால் இந்த வருடமும் கூப்பிட மாட்டீர்கள், அம்மா வேலையை ஒத்துக்கொள்வாள். வீடு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். நீ போய்ப் பார்த்துச் சொல்லுடி, நீ சொன்னால் நம்புகிறேன் என்கிறாள். நான் ஒரு வாய் சர்க்கரை தின்றாலும் டப்பாவைத் திறந்து பார்க்கிற அம்மா, என்னை நம்புகிறாளாம். தினமும் போனில் முதல் கேள்வியே அப்பா ரூமைப் பார்த்தியா, ஜன்னல் இருக்கா என்பதுதான்.

அப்பா, ஐந்து நிமிடம் போதும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். செருப்பைக்கூடக் கழற்ற மாட்டேன். காட்டுங்கள்.

உங்கள் பதிலுக்கு நாலாவது மாடியில் காத்திருக்கும்,
வாலு


வெள்ளிக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பத்தியின் தீவிர வாசகி எழுதிக்கொள்வது. இன்று மதியம் தங்களை நேரில் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் எப்படி அங்கே வந்து சேர்ந்தேன் என்று இந்நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். வேவு பார்க்க வந்தேன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் முதல் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், புதன்கிழமை பதில் வைத்திருந்தீர்கள். ஆண்கள் இருக்கிற அறை, நீ வருவது நன்றாக இருக்காது, போதாக்குறைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று இரண்டு வரி. கூடவே புதிதாக இரண்டு பக்கத்துக்குப் பட்டியல். நான் அறையைக் கேட்டேன், நீங்கள் ஊரையே கொடுத்தீர்கள். வரவேற்பறை அக்காவுக்கு நம் மொழி தெரியாது, எங்களுக்குள் உடைந்த ஆங்கிலம்தான். கடிதத்தை வாங்கிக்கொண்டு போகிறாரே, அவர் உன் வாத்தியாரா என்று கேட்டாள். ஆமாம், திருத்திக்கொண்டிருக்கிறார் என்றேன்.

இரண்டு பட்டியலையும் சேர்த்தால் நாற்பத்தோரு இடம். வேறு வேலை இல்லாததால் அக்காவிடம் ஊர் வரைபடம் ஒன்று வாங்கி, ஒவ்வொரு இடத்துக்கும் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். ஐயா, இது நீங்கள் உங்கள் பத்தியில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது எழுதுகிற உத்திதான். புது ஊருக்குப் போனால் எல்லாரும் சொல்கிற இடங்களுக்குப் புள்ளி வை, புள்ளியே விழாத தெருவுக்கு நடந்து போ, அங்கேதான் ஊர்க்காரர்கள் சாப்பிடுவார்கள், விலையும் குறைவு, ருசியும் நிறைவு. எனக்கு மனப்பாடம். நாற்பத்தோரு புள்ளியும் வைத்து முடித்துப் பார்த்தால், வரைபடம் முழுக்க அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு இடம் மட்டும் வெள்ளைவெளேர் என்று வழவழப்பாக. மேற்குப் பக்கம், பத்துப் பன்னிரண்டு தெரு. வடக்கில் ஐந்து கடை சொல்லியிருக்கிறீர்கள், தெற்கில் எட்டு சொல்லியிருக்கிறீர்கள், அங்கே ஒரு டீக்கடைகூடச் சொல்லவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அப்பாவுக்கே தெரியாத பகுதி! அங்கே போய் ஒரு நல்ல கடையாகக் கண்டுபிடித்து, எழுதி உங்கள் கையில் கொடுத்து, நிபுணரின் மூக்கை உடைக்க வேண்டும் என்று கிளம்பினேன். நீங்கள் அந்தக் கடையை உங்கள் பத்தியில் போடுவீர்கள், கண்டுபிடித்தது என் மகள் என்று ஒரு வரி சேர்ப்பீர்கள் என்றெல்லாம் பேருந்திலேயே யோசித்துவிட்டேன். என் வாழ்க்கையில் குறும்பு இல்லாமல் செய்த ஒரே காரியம் இது. அதுதான் இப்படி ஆனது.

துணி வெளுக்கிற கடை, மழலைப் பள்ளி, கடிகாரம் பழுது பார்க்கிறவர், அதற்கடுத்து ஏழே மேஜை போட்ட சாப்பாட்டுக் கடை. உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிட்டது, இதுதான் கடை என்று. கடைக்காரம்மா தானே சமைத்து, தானே பரிமாறி, தானே அதட்டுகிறார். கோழிச் சாறு, சோறு, பொரித்த முட்டை. ஒரு வாய் வைத்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்து, பத்துக்குப் பத்து என்று எழுதினேன். தலையை நிமிர்த்தினேன்.

நீங்கள் வந்தீர்கள். தோளில் ஒரு பையன். பக்கத்தில் கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒரு அக்கா. மூன்று பேரும் விலைப்பலகையைப் பார்க்கவே இல்லை, நேரே மூலை மேஜைக்குப் போனீர்கள். கடைக்காரம்மா யாரும் கேட்காமலே உயரமான குட்டி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பையன் உங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான், நீங்கள் திரும்ப வாங்கி மாட்டினீர்கள், மறுபடியும் கழற்றினான். அப்புறம்தான் என்னைப் பார்த்தீர்கள்.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் கை சும்மா இருக்காமல், காகிதக் கைக்குட்டையை முறுக்கி எலி செய்துகொண்டிருந்தது. பதற்றம் வந்தால் எனக்கு அதுதான் பழக்கம், தேர்வு அறையிலும் செய்வேன். அந்த எலியைப் பார்த்துப் பையன் நாற்காலியிலிருந்து நழுவி என் மேஜைக்கு வந்துவிட்டான். வாலைப் பிடித்து இழுக்காதேடா தம்பி, கடிக்கும் என்றேன். நம் மொழியைக் கேட்டதும் அந்த அக்காவுக்கு முகமெல்லாம் பல். அட, நம்மூர்ப் பொண்ணா, தனியாவா சாப்பிடறே, வா வா எங்களோட உட்காரு என்று என் தட்டையே தூக்கிக்கொண்டு போய் உங்கள் மேஜையில் வைத்துவிட்டார். நான் தட்டின் பின்னால் வந்தேன்.

இவங்க நம்ம வாசகி, பத்தியைப் படிச்சுட்டு அடிக்கடி எழுதுவாங்க, பயணமா வந்திருக்காங்க என்றீர்கள்.

இவங்க. பிறந்ததிலிருந்து வாலு, கழுதை, ஏய் என்று கூப்பிட்ட நீங்கள், பதினாறு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு மரியாதை கொடுத்தீர்கள். வாரிசு என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாசகி என்று சொன்னீர்கள். நிறுத்தாமல், நாக்குப் புரளாமல் சொன்னீர்கள். என் பொய் சொல்லும் திறமை யாரிடமிருந்து வந்தது என்று அம்மா இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. நடிப்பு என்று வந்துவிட்டால் நான் விட்டுக்கொடுப்பதில்லை, அதனால் வாசகி ஆனேன். ஐயா, உங்கள் எழுத்தைப் படித்துத்தான் நாலாவது மாடியில் தங்கியிருக்கிறேன் என்றேன். சொந்தக்காரர் இருக்கிற ஊரிலேயே விடுதியில் தங்க வேண்டி வருகிறவர்களுக்கு உங்கள் ஆலோசனை என்ன என்று கேட்டேன். நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு, சொந்தக்காரர்களைத் தொந்தரவு பண்ணாமல் இருப்பதுதான் இரண்டு பக்கமும் மரியாதை, பயணிக்குச் சுதந்திரம் முக்கியம் என்றீர்கள். அந்த அக்கா சிரித்துவிட்டு, எழுதற மாதிரியே பேசறார் பாரு, இவருக்கு ஊர்ல சொந்தம்னு ஒருத்தரும் இல்லைம்மா, அதான் இப்படி என்றார்.

ஒருத்தரும் இல்லையாம் ஐயா. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அப்பா அம்மா எப்படிம்மா தனியா விட்டாங்க என்று கேட்டார். அம்மா ஊரில், அப்பா வெளிநாட்டில் என்றேன். அப்பா என்ன பண்றார் என்றார். எனக்கே சரியாகத் தெரியாது அக்கா என்றேன். அந்த மேஜையில் நான் பேசியதில் அது ஒன்றுதான் நிஜம். இன்னொன்றும் உண்டு, தம்பி என்று கூப்பிட்டேனே அது. அவனுக்கு அடுத்த மாதம் மூன்று முடிகிறதாம். அம்மா மூன்று தடவை வேலையை வேண்டாம் என்றாள். இரண்டையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வாயேன், இங்கேதான் அடுத்த தெரு, மாடியில் நல்லா வெளிச்சமா இருக்கும் என்று அந்த அக்கா கூப்பிட்டார். ஜன்னல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் அவசரமாக, அவங்களுக்குத் திட்டம் இருக்கும், கலைக்கக் கூடாது என்றீர்கள். கிளம்பும்போது அக்கா ஒரு பொட்டலம் கட்டி என் கையில் திணித்தார். வழியில் எங்காவது வீசிவிட வேண்டும் என்று மூன்று தெரு தூக்கிக்கொண்டு நடந்தேன். நன்றாக மணந்தது. படகுத்துறையில் உட்கார்ந்து தின்றுவிட்டேன். அவர்மேல் கோபப்பட முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. அவரும் உங்கள் பத்தியின் வாசகிதான், எழுதினதை எல்லாம் நம்புகிறவர்.

ஐயா, மூன்று தலைப்புக்கும் மதிப்பெண் கேட்பீர்கள். இன்றைக்கு இல்லை.

நாளை காலை பதினொரு மணி வரை அறையிலேயே இருப்பேன். பட்டியல் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் நீங்கள் மட்டும் வாருங்கள். வந்து, அம்மாவிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். என்னிடம் எதுவும் விளக்க வேண்டாம். அம்மாவுக்கு என்ன பதில், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி


ஞாயிற்றுக்கிழமை மதியம்

அப்பா,

நேற்று நீங்கள் வருவீர்கள் என்று காலை ஆறு மணிக்கே தலை சீவி உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்குக் கதவு தட்டினார்கள். உங்கள் நண்பர், கார் ஓட்டுகிறவர். பெட்டியை எடும்மா, அப்பா வேற இடம் போட்டிருக்கார் என்றார். அப்பா என்று அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஊரில் நான் யார் என்று தெரிந்த ஒரு ஆளாவது இருக்கிறாரே.

அவர் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய சீட்டைப் படித்தேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் வாலு, ஊருக்கு வந்து நானே பேசுகிறேன், திடீரென்று கேட்டால் அம்மா தாங்க மாட்டாள், அதுவரை அறையைப் பார்த்தேன், சின்ன அறை, நாலு பேர், இடமே இல்லை என்று சொல்லிவிடு என்று எழுதியிருந்தீர்கள். அப்புறம் கார் என்னைக் கொண்டுபோய் இறக்கிய இடத்தைப் பார்த்ததும் ஒரு நிமிடம் வழி தவறிவிட்டோம் என்றே நினைத்தேன். பளிங்குத் தரை, கதவைத் திறக்க ஒரு ஆள், லிப்டில் பாட்டு. மலிவு விலை மன்னர் மகளைக் கொண்டுவந்து போட்ட இடமா இது? அறையில் எல்லாமே இரண்டிரண்டு. இரண்டு கட்டில், இரண்டு நாற்காலி, இரண்டு பல் துலக்கி. வெந்நீர் நிற்கவே இல்லை, வந்துகொண்டே இருந்தது. இந்த அறையைப் பற்றி உங்கள் பத்தியில் எழுத முடியாது அப்பா. இது தங்குவதற்கு வாங்கிய அறை இல்லை, வாயை அடைக்க வாங்கிய அறை. வெட்கம் கெட்டுப்போய் அதில் நன்றாகத் தூங்கினேன், காலையில் கீழே போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொல்வது என்று நேற்றே முடிவு பண்ணிவிட்டேன். உங்களுக்காக இல்லை. சின்ன அறை, நாலு பேர், இடமில்லை என்று சொன்னால் அம்மா அந்த வேலையை ஒத்துக்கொள்வாள். உங்கள் பொய்யால் அம்மாவுக்கு ஒரு நல்லது நடக்கப்போகிற முதல் தடவை. மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒத்திகைகூடப் பார்த்தேன், சலிப்பாகச் சொல்ல வேண்டும், முகத்தைச் சுளிக்க வேண்டும் என்று.

இன்று காலை சாப்பிட்டுவிட்டு மேலே வந்ததும் போன் அடித்தது. ஊருக்குக் கிளம்புகிற நாள் என்பதால் அம்மா முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டிருக்கிறாள். நான் யோசிக்காமல் எடுத்துவிட்டேன். ஹலோ என்று சொல்வதற்கு முன்னாலேயே அம்மாவின் கண் என்னைத் தாண்டிப் போய்விட்டது. கொஞ்சம் தள்ளுடி, அது என்ன திரைச்சீலையா, அவ்வளவு பெரிய ஜன்னலா என்றாள். போனைத் திருப்புடி என்றாள். திருப்பினேன். மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அப்புறம், அப்பா வீடாடி இது என்றாள்.

அப்பா, இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று எழுத்து. ஆனால் அம்மாவின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. நாலு பேர் ரூம்னு பொய் சொல்லிட்டு ரெண்டு கட்டில் போட்டு வெச்சிருக்கார் பாருடி, நமக்கு ஆச்சரியம் கொடுக்கப் பார்த்திருக்கார் என்கிறாள். இரண்டு கட்டிலையும் எண்ணிவிட்டாள். ஒன்று உனக்கு, ஒன்று எங்களுக்கு என்று பங்குகூடப் போட்டுவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்று வந்தது.

எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன். ஒரு தடவைகூட இப்படி என் பொய்யை நானே திரும்பப் பிடுங்கிக்கொள்ள நினைத்ததில்லை. அப்படியானால் நாளைக்கு டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், முடிஞ்சது, நாலு வருஷக் குழப்பம் முடிஞ்சது என்று வைத்துவிட்டாள். உடனே உங்களைக் கூப்பிட்டேன். பதினோரு தடவை கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன் அணைத்திருக்கும் போலிருக்கிறது, ஏன் என்று இப்போது தெரிகிறது. அப்புறம் அம்மாவையே திரும்பக் கூப்பிட்டேன், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள், தும்மல் தும்மலாக வருகிறது, அப்புறம் பேசு என்றாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டேன். எதிர்வீட்டு அத்தையிடம் சன்னலின் அளவைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன். வாயாடி என்று பேர் வாங்கினவளுக்கு வாய் செத்துப்போய்விட்டது.

அதனால்தான் இந்தக் கடிதம். என் பொய்யையும் சேர்த்து உங்களிடம் ஒப்படைக்கிறேன். கார் ஓட்டுகிற மாமா என்னை இன்று இரவு விமான நிலையத்தில் விட்டுவிட்டு நேரே உங்களிடம் வந்து கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். வீட்டு வாசலில் வைத்துக் கொடுக்க வேண்டாம், வெளியே கூப்பிட்டுத் தனியாகக் கொடுங்கள் மாமா என்று நான்தான் சொன்னேன். அந்த அக்காவிடம் எப்போது சொல்வது, என்ன சொல்வது என்பது உங்கள் பாடு. அதில் நான் தலையிடவில்லை.

நாளை நம்மூர் நேரம் காலை பத்து மணிக்கு அம்மா டாக்டர் அறைக்குள் போய், இனிமேல் ஒருபோதும் கிடைக்கப்போகாத வேலையை வேண்டாம் என்று சொல்லப்போகிறாள். அந்த நேரத்தில் நான் வானத்தில் இருப்பேன், என் போன் எடுக்காது. நான் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நீங்கள் ஒருத்தர்தான் தரையில் இருக்கிறீர்கள். ஊருக்கு வந்து சொல்கிறேன் என்கிற கதை வேண்டாம் அப்பா, நீங்கள் வர மாட்டீர்கள். அம்மா தாங்க மாட்டாள் என்கிற கதையும் வேண்டாம். நீங்கள் இல்லாமலே எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டுதானே இருக்கிறாள். அழுவாள், திட்டுவாள், இரண்டு நாள் சமைக்க மாட்டாள். அழுதுகொண்டேயாவது வேலையை ஒத்துக்கொள்கிற தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். எனக்கு அது போதும்.

நான் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் அந்தப் பெரிய அறையைப் போட்டீர்கள். என் பயம் வேறு. சொல்லாமலே இருந்துவிடுவேன் அப்பா. விமானத்தை விட்டு இறங்கினதும் அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு, வீடு எப்படிடி இருக்கு என்பாள், நான் சூப்பர்மா என்பேன். அடுத்த வருடமும் சொல்வேன். எனக்கு நன்றாக வரும், நீங்களே பார்த்தீர்கள். என்னை அந்த வேலைக்கு வைத்துவிடாதீர்கள்.

தம்பி நன்றாக இருக்கட்டும். எலி செய்யக் கற்றுக்கொடுக்கச் சொன்னான், நேரம் இல்லாமல் போய்விட்டது. அவனுக்கு உங்கள் மூக்குக் கண்ணாடி விளையாட்டு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவனையாவது விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அந்த அக்கா கொடுத்த சாப்பாடு நன்றாக இருந்தது என்று ஒரு வாசகி எழுதியிருந்ததாகச் சொல்லுங்கள்.

ஒன்பது மணிக்கே கூப்பிடுங்கள் அப்பா. பத்து மணி என்றால் அம்மா ஒன்பதரைக்கே போய் வாசலில் நின்றுகொண்டிருப்பாள்.

வாலு